சித்திரையில் அளந்த ஏரி

அந்த ஏரிக்குள்ளேயே பைக்கை நிறுத்திவிட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் "ஏரி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ நிக்கிறதுதான்" என்றார்.

ஏப்ரல் கடைசி வாரம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓரம் முழுக்கக் கருவேலம். என் கையில் இருந்த படிவத்தில் "நீர்நிலையின் நிலை" என்று ஒரு கட்டம். "வறண்டது" என்று எழுதினேன். அதற்குக் கீழே பறவைகள்: மைனா, கரிச்சான், காகம், செம்போத்து, கௌதாரி. எழுதிய ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு ஆலோசனை நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்திருந்த காலம் அது. வட தமிழ்நாட்டில் ஏரிப்பாசனம் நடக்கும் ஒரு பகுதியில் சிறிய பிராந்திய விமான நிலையம் கட்ட யோசித்தார்கள். அதற்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் செடி, மரம், பறவை, விலங்கு என் பங்கு. நிறுவனத்தின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். நான் செய்த தப்புகளைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்றைக்குத் தங்கள் ஊருக்கு விமான நிலையம் வருகிறது என்று கேள்விப்பட்டு அறிக்கையைப் புரட்டுகிறவர்களுக்கு உதவினால் சரி.

அன்று மாலை மதகுப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. மழைக்காலத்தில் மதகைத் திறப்பது, மூடுவது, எந்தக் கழனிக்கு எத்தனை நாழி தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் அவர் குடும்பத்து வேலை. என் படிவத்தை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன், ஆனால் "வறண்டதுன்னு எழுதியிருக்க" என்றார். என்னை எழுப்பிக் கருவேலம் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மரத்தின் பட்டையில் கையை வைத்துக் காட்டினார். என் நெஞ்சு உயரத்துக்குக் கீழே வெளுத்து, காய்ந்த சேறு செதில் செதிலாக ஒட்டியிருந்தது. மேலே பட்டை கறுப்பு. எல்லா மரத்திலும் அதே உயரத்தில் அதே கோடு, யாரோ நூல் பிடித்து அடித்த மாதிரி.

"ஐப்பசி கார்த்திகையில வந்து பாரு தம்பி. இங்க நிக்க முடியாது."

ஏன் ஏப்ரலில் போனோம் என்று கேட்டால், அதில் சதி எதுவும் இல்லை. அடிப்படைத் தரவு எடுக்க, மழைக்காலத்தைத் தவிர்த்து ஒரு பருவம், அதாவது மூன்று மாதம் போதும் என்பது வழக்கம். காற்று, தண்ணீர், மண், இரைச்சல், உயிரினங்கள் எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். மார்ச்சில் தொடங்கினால் மே மாதத்தில் முடியும். சேறு இல்லை, வண்டி எங்கும் போகும், தூசி அளக்கும் கருவிக்குள் மழை இறங்காது. காற்றில் தூசியை அளக்கக் கோடை நல்ல பருவம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற ஏரியை அளக்க அதைவிட மோசமான பருவம் கிடையாது. இந்தப் பக்க மாவட்டங்களில் ஆண்டு மழையில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வலசைப் பறவைகள் அந்தத் தண்ணீரைத் தேடி வந்து, ஏரி வற்ற வற்ற மார்ச்சுக்குள் கிளம்பிவிடும். நாங்கள் போகும்போது விருந்து முடிந்து இலை எடுத்தாகிவிட்டது.

அதனால் இப்போது எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது தரவு எடுத்த மாதங்களைத்தான். முன்னுரையிலோ மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்திலோ இருக்கும். மார்ச் முதல் மே என்று இருந்தால், ஏரி, பறவை, நிலத்தடி நீர், வெள்ளம் பற்றிய பக்கங்களை எல்லாம் அந்தக் கண்ணோடுதான் படிப்பேன்.

அந்த டிசம்பரில் என் சொந்தச் செலவில், தொலைநோக்கியோடு மறுபடி போனேன். பெரியவர் சொன்னது சரி, நிற்க முடியவில்லை. கிரிக்கெட் ஆடிய இடத்தில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, நாமக்கோழி, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், கரையோரம் நெடுங்கால் உள்ளான். கருவேல மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகள். ஒரு காலை நேரத்தில் ஏப்ரல் பட்டியலைப் போல நாலு மடங்கு வந்தது. ஆனால் அறிக்கை ஆகஸ்டிலேயே போய்விட்டிருந்தது.

அறிக்கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சான பிரதியைப் புரட்டியபோது, நான் எழுதிய தாவரப் பட்டியலில் அலையாத்தி மரம் ஒன்று முளைத்திருந்தது. கடலோ 80 கிலோமீட்டர் தள்ளி. அலுவலகத்தில் கேட்டேன். முன்பு செய்த ஒரு துறைமுக வேலையின் அட்டவணையை மாதிரிக்கு எடுத்து அதன்மேல் நிரப்பியிருக்கிறார்கள், ஒரு வரி அழிபடாமல் நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. தெரியாமல் நின்ற அந்த ஒரு வரி கண்ணில் பட்டது, தெரியாமல் அழிந்த வரிகள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? நீங்கள் படிக்கும்போது உயிரினப் பட்டியலை உள்ளூரில் ஆடு மேய்ப்பவரிடமோ மீன் பிடிப்பவரிடமோ வாசித்துக் காட்டுங்கள். அரை மணி நேரத்தில் எது இல்லை, எது அதிகம் என்று சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலானோர் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் பாதி ஆட்டம் முடிந்திருக்கும். 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி விமான நிலையம் 'ஏ' பிரிவு. அனுமதி கொடுப்பது டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம். திட்டக்காரர் முதலில் படிவம் 1 என்று ஒன்றைக் கொடுக்க வேண்டும். கேள்விகளுக்கு ஆம், இல்லை, விவரம் என்று நிரப்பும் சாதாரணப் படிவம்தான். அதை வைத்துத்தான் அமைச்சகத்தின் நிபுணர் குழு எதை எதை ஆராய வேண்டும் என்று ஆய்வு வரையறை கொடுக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதை டி.ஓ.ஆர். என்போம். படிவத்தில் "அருகில் காடு இல்லை" என்று எழுதிவிட்டால், காட்டைப் பற்றிய கேள்வி டி.ஓ.ஆரில் வராது. கேள்வி வராவிட்டால் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போகவே மாட்டோம். போகச் சொல்லிக் காசு யார் கொடுப்பார்கள்?

கோவாவின் மோபா விமான நிலைய வழக்கு இதற்கு நல்ல பாடம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய செம்புரைக்கல் மேட்டு நிலம் அது. 2015 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பசுமைத் தீர்ப்பாயமும் ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, 2019 மார்ச் 29 அன்று நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. படிவம் 1-இல் சுற்றியுள்ள காடுகளையும் சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளையும் சரியாகச் சொல்லாமல் விட்டது பெரிய குறையாகச் சுட்டப்பட்டது. வெட்ட வேண்டியிருந்த மரங்களோ 54,676. நிபுணர் குழு மறுபடி உட்கார்ந்து, கூடுதல் நிபந்தனைகள் போட்டு, 2020 ஜனவரியில் தடை நீங்கியது. 2022 டிசம்பரில் நிலையம் திறக்கப்பட்டும் விட்டது. விமானம் பறக்கத்தான் செய்கிறது, ஆகவே இதை வெற்றிக் கதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆம், இல்லை என்று நிரப்பும் ஒரு படிவத்துக்கு எவ்வளவு எடை என்று அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கேரளத்தின் ஆறன்முளாவில் வேறு மாதிரி. பம்பைக்கரை வயல்களில் வரவிருந்த அந்த நிலையத்தின் அனுமதியை 2014 மே மாதம் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ரத்து செய்தது. அறிக்கை தயாரித்தவருக்கு அந்தத் துறையில் அங்கீகாரம் இருந்ததா என்பதும், கருத்துக் கேட்பு ஒழுங்காக நடந்ததா என்பதும் அங்கே முக்கியக் கேள்விகள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே அறிக்கையின் முதல் பத்து பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். யார் தயாரித்தது, விமான நிலைய அறிக்கை எழுத அவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது வட்டம். திட்ட இடத்தை நடுவில் வைத்து 10 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். உள்ளே இருப்பது ஆய்வுப் பகுதி. காற்றுக்கும் இரைச்சலுக்கும் வட்டம் ஓரளவு சரி. தண்ணீர் வட்டமாகப் போவதில்லை. ஒரு ஏரி நிரம்பினால் உபரி வெளியேறும் கலங்கலில் வழிந்தது வாய்க்கால் வழியாக அடுத்த சித்தேரிக்கு, அங்கிருந்து ஒரு தாங்கலுக்கு, அங்கிருந்து அடுத்த ஊர்ப் பெரிய ஏரிக்கு என்று சங்கிலியாகப் போகும். எங்கள் வட்டத்துக்குள் 40 சொச்சம் ஏரிகள் இருந்தன. எல்லாவற்றையும் எண்ணி, பரப்பு போட்டு, அழகாகப் பட்டியலிட்டோம். எது எதற்குத் தண்ணீர் தருகிறது என்று ஒரு அம்புக்குறிகூடப் போடவில்லை.

பரந்தூரைப் பற்றிப் பேசும்போது இதுதான் என் மனசில் ஓடும். அது பிராந்திய நிலையம் அல்ல, சென்னைக்கான இரண்டாவது பெரிய விமான நிலையம். 2022-இல் அறிவித்தார்கள். 13 கிராமங்கள், 5,700 ஏக்கருக்கு மேல், அதில் சுமார் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மேல் நீர்நிலை என்று திட்டத்தின் முன் சாத்தியக்கூறு அறிக்கையே சொல்கிறது. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை கொண்டுபோகிற வழியில் பல ஏரிகளை நிரப்பும் கம்பன் கால்வாய் அந்த நிலத்துக்குள் ஓடுகிறது. ஏகனாபுரம் மக்கள் 2022-இலிருந்து போராடுவதும், கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுவதும் செய்தியில் வந்தவை. அவர்கள் கேட்பதில் முக்கால்வாசி ஏரிச் சங்கிலியைப் பற்றியது. வரத்துக் கால்வாயைத் திருப்பிவிடலாம் என்பது பொறியாளர்களின் பதில். திருப்பலாம்தான். திருப்பிய இடத்தில் பழைய மட்டம் கிடைக்குமா என்பதைக் கோடையில் போய்ப் பார்த்துச் சொல்ல முடியாது. மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டியதையும், 2015 டிசம்பரில் அந்த நிலையம் சில நாள் தண்ணீரில் மூடிக் கிடந்ததையும் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மழைத் தண்ணீர் எவ்வளவு என்று கையாலேயே கணக்குப் போடலாம். 2,500 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகல ஓடுபாதை என்றால் 1,12,500 சதுர மீட்டர். ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த ஒரு ஓடுபாதையின்மேல் மட்டும் 1 கோடியே 12 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 900 நடைக்கு மேல் வரும். முன்பு அது மண்ணில் இறங்கியது, இப்போது எந்தப் பக்கமாவது ஓடியாக வேண்டும். எந்தக் கலங்கல் பக்கம் என்று அறிக்கையில் தேடுங்கள். "மழைநீர் வடிகால் அமைக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரிகளைக் காப்பாற்றிக்கொண்டே நிலையம் கட்டுவோம் என்று சொல்வதில் இன்னொரு சிக்கல் உண்டு. விமானக்காரர்களுக்குப் பறவை ஆகாது. விமான விதிகள் நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டுவதையும், கால்நடை வெட்டிக் கழிவு போடுவதையும் தடை செய்வதே பருந்தும் காகமும் சேரக் கூடாது என்பதற்காகத்தான். நாலைந்து கிலோ எடையுள்ள கூழைக்கடா என்ஜினில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, சுற்றுச்சூழல் அத்தியாயம் ஏரியையும் பறவையையும் பாதுகாப்போம் என்கிறது, பாதுகாப்பு அத்தியாயம் பறவை வராமல் பார்த்துக்கொள்வோம் என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில், வேறு வேறு ஆட்கள் எழுதியது. எங்கள் அறிக்கையில் பறவை மோதும் அபாயம் "குறைவு" என்று இருந்தது. எதை வைத்து? என் ஏப்ரல் பட்டியலை வைத்து. பறவைக்காரன் என்று கிண்டல் செய்வார்களே, அவனுக்கு மட்டும் நட்டம் என்றால்கூடப் பரவாயில்லை, விமானத்தில் உட்காருகிறவருக்கும் சேர்த்து அல்லவா அந்த வார்த்தையை எழுதினோம்!

இரைச்சல் விஷயத்தில் சின்னக் கூத்து. டிசம்பரில் போனபோது நண்பனிடம் கடன் வாங்கிய ஒலிமானியை ராத்திரி வரப்பில் வைத்தேன். தவளைகள் போட்ட சத்தத்தில் 60 டெசிபலைத் தாண்டியது. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45-தான் அனுமதி, ஊர்த் தவளைகள் அத்தனையும் சட்டத்தை மீறின. அதே ஊரில் ஏப்ரல் இரவில் எங்கள் ஆட்கள் அளந்தது 40-க்கும் கீழே. இதில் கவனிக்க வேண்டியது சராசரி. 2018 அறிவிக்கையின்படி, நெரிசல் குறைந்த, ஏற்கெனவே இயங்கும் விமான நிலையங்களின் இரைச்சல் மண்டலத்துக்குப் பகலில் 65, இரவில் 60 டெசிபல். இரவு முழுக்கச் சேர்த்துப் போடும் சராசரி அது. நடுராத்திரியில் ஒரே ஒரு விமானம் கூரைக்குமேல் போனால் சராசரி அசையாது, தொட்டிலில் இருக்கும் குழந்தை எழுந்துவிடும். ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் நேரே கோடு இழுத்து, அதில் எந்தெந்தப் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் வருகிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.

மண்ணைப் பற்றி யாருமே கேட்பதில்லை. ஏரிப் பகுதி தாழ்வான நிலம், மேடாக்கித்தான் கட்ட வேண்டும். 500 ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 20 லட்சம் கன மீட்டர் மண். ஒரு டிப்பருக்குப் 10 கன மீட்டர் என்று தாராளமாகப் பிடித்தாலும் 2 லட்சம் நடை. அந்தச் சவுடு எந்த ஏரியில் வெட்டப்படும்? எந்த ஊர்ச் சாலையில் போகும்? எங்கள் அறிக்கையில் "அங்கீகரிக்கப்பட்ட குவாரிகளிலிருந்து பெறப்படும்" என்று ஒரே வரி. வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஏரி இந்த வட்டத்துக்காகத் தோண்டப்படலாம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கருத்துக் கேட்பு இருக்கிறது என்பதே தெரியாது.

கருத்துக் கேட்புக்கு வருகிறேன். எங்கள் திட்டத்துக்கு நடந்ததில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அதற்குள் வேலையை விட்டாகிவிட்டது. மேடையில் மாவட்ட நிர்வாகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கீழே கூச்சல். வேலை கிடைக்கும் என்று ஒரு கூட்டம், நிலம் போகும் என்று ஒரு கூட்டம். மைக் ஒன்று. கையில் நாலு பக்கம் எழுதி வந்திருந்த ஆசிரியை ஒருவர் பேச முடியாமல் திரும்பிப் போனார். வாசலில் அவரை நிறுத்தி, "எழுதினதைக் கொடுத்துட்டு ரசீது வாங்குங்கம்மா" என்றேன். பேசியதைவிட எழுதிக் கொடுத்ததற்குப் பலம் அதிகம். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், கூட்டம் முடியும்போது நடந்ததன் சுருக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அறிவிக்கையிலேயே இருக்கிறது. பெரும்பாலும் பசியோடு எல்லோரும் கிளம்பிய பிறகு வாசிப்பார்கள். ஊருக்கு நாலு பேராவது கடைசி வரை உட்கார வேண்டும். தாங்கள் சொன்னது அதில் வரவில்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். நான் பார்த்தவற்றில் மேய்க்கால் நிலம் "தரிசு" ஆகியிருந்தது. நிலமே இல்லாத, நடவுக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பங்கள் "பாதிக்கப்படுவோர்" கணக்கில் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் நில வகை சொல்லும் 'ஏ' பதிவேட்டையும், பயிர் விவரம் சொல்லும் அடங்கலையும் வாங்கி, சர்வே எண் வாரியாக ஒப்பிட்டால் அரை நாள் வேலை.

அன்று நானும் ஒரு மனு கொடுத்தேன். டிசம்பர் பட்டியல், தேதியும் இடமும் பதிந்த புகைப்படங்கள், கருவேல மரத்தின் கோட்டைப் படம் பிடித்து அதன் பக்கத்தில் அளவு நாடா. நீர்க்கட்டிப் பெரியவர் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பில், மழைக்குப் பிந்தைய பருவத்திலும் நீர்நிலை மற்றும் பறவை ஆய்வு செய்து வரச் சொல்லி ஒரு நிபந்தனை வந்திருந்தது. என் மனுவால்தானா என்று தெரியாது, அந்த ஆசிரியையின் நாலு பக்கமாகவும் இருக்கலாம்.

நவம்பரில் ஒரு பையன் போன் செய்தான். வேறொரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவன், என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள். "அண்ணா, கலங்கல் பக்கம் போகணும், எப்படிப் போறது?" என்றான். மழை கொட்டிக்கொண்டிருக்கும் சத்தம் போனில் கேட்டது. பெரியவரின் வீட்டு அடையாளம் சொல்லி, அவரை முன்னால் நடக்கவிட்டு, ஷூவைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் போகச் சொன்னேன்.